முள்ளா, எறும்பா, துவர்ப்பா?

மேய வரும் விலங்கிடமிருந்து மரம் ஓட முடியாது. ஆப்பிரிக்கப் புல்வெளிகளின் வேல மரங்கள் இதற்கு மூன்று வழி வைத்திருக்கின்றன: முள், இலையின் துவர்ப்பு, காவலுக்கு எறும்பு. என் ஓட்டு முள்ளுக்குத்தான்.

முள் யாரையும் துரத்திவிடாது, அது உண்மை. ஒட்டகச்சிவிங்கி தன் 45 செ.மீ. நாக்கை முட்களுக்கு நடுவே விட்டு இலையை உருவிவிடும். ஆனால் வாய் நிறையக் கவ்வ முடியாது. நேர்முள் குத்தும், கொக்கி முள் உதட்டைப் பிடித்து இழுக்கும். ஒவ்வொரு கடியும் சின்னதாகிறது, நேரமும் கூடுகிறது. கொஞ்சம் தின்றுவிட்டு விலங்கு நகர்ந்துவிட்டால் மரத்துக்கு அது போதும்.

துவர்ப்புக்குக் காரணம் டானின். அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டு செரிமானத்தைக் கெடுக்கிறது. ஆனால் வாயில் வைத்த பிறகுதானே அது தெரியும்? அதற்குள் இலை போய்விடுகிறது.

எறும்புதான் அசத்தும் காவல். கென்யாவின் விசில் முள்வேலத்தில் முள்ளின் அடி உருண்டையாக வீங்கி உள்ளே வெற்றிடமாக இருக்கும். எறும்புகள் அதில் துளையிட்டுக் குடியிருக்கின்றன. அந்தத் துளைகளில் காற்று புகுந்தால் விசில் சத்தம் கேட்கும், பெயரும் அப்படித்தான் வந்தது. வீட்டோடு தேனும் மரமே கொடுக்கிறது. யானை கிளையைத் தொட்டால் எறும்புகள் கூட்டமாகத் தும்பிக்கைக்குள் ஏறிக் கடிக்கும். முள்ளுக்கு அஞ்சாத யானை இந்த மரத்தை விட்டு விலகிப்போகும். யானை விஷயத்தில் முள்ளை விட எறும்பே மேல், சந்தேகமில்லை. ஒட்டகச்சிவிங்கியோ எறும்புகளையும் நாக்கால் துடைத்துவிட்டுத் தின்னும்.

அப்புறம் ஏன் எறும்புக்கு என் ஓட்டு இல்லை? அது கூலிக்கு நிற்கும் காவல். கென்யாவில் பெரிய விலங்குகள் நுழையாதபடி சில மரங்களைச் சுற்றிப் பத்து ஆண்டு வேலி போட்டுப் பார்த்தார்கள். முடிவு 2008-இல் வெளியானது. ஆபத்து இல்லை என்றதும் மரங்கள் தேனையும் வீங்கிய முட்களையும் குறைத்தன. உடனே தண்டு துளைக்கும் வண்டுகளுக்கு இடம் கொடுக்கும் வேறொரு எறும்பினம் பரவியது. வேலிக்குள் பத்திரமாக இருந்த மரங்களே மெதுவாக வளர்ந்தன, அதிகம் செத்தன. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: வெளியிலிருந்து வந்த பெருந்தலை எறும்பு காவல் எறும்புகளைக் கொன்றுவிட்ட இடங்களில், யானைகள் மரங்களை ஐந்து முதல் ஏழு மடங்கு அதிகமாக முறித்தன.

முள்ளுக்கு இப்படி யார் தயவும் வேண்டாம். மேய்ந்த கிளையில் புது முள் நீளமாக வருகிறது. ஒட்டகச்சிவிங்கிக்கு எட்டாத உயரத்தில் அதே மரம் முள்ளைச் சிறிதாக்கிக்கொள்கிறது.