12 பார் காட்டுகிற பழைய லீஃப் வாங்கப் போகிறீர்களா?

காசு கைமாற முதல் இதை ஒருக்கால் வாசித்துவிடுங்கள். போன கிழமை மட்டும் மூன்று பேர், நிசானின் மின்சாரக் காரான லீஃபைப் பற்றி, "லீஃப் எப்படி, வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முழுக் கதையையும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைக்கிறேன். எனக்கு அந்தக் காரை விற்றவரின் பெயரையோ இடத்தையோ கேட்காதீர்கள். அதை எழுத வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார்.

2024 ஜனவரி. பெற்றோல் லீற்றர் 350 ரூபாயைத் தாண்டி நின்ற நேரம். 2022இல் கியூ.ஆர். குறியீட்டை வைத்துக்கொண்டு பெற்றோல் செட்டில் நின்ற வரிசைகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. வெள்ளவத்தையில் வீடு, மாலபேயில் வேலை, பின்னேரம் மகளை வகுப்புக்கு ஏற்றி இறக்க வேண்டும். எல்லாம் சேர்த்து நாளுக்கு 40 கிலோமீற்றர் அளவில் ஓட்டம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார்களின் விலை தங்கம் மாதிரி ஏறியிருந்தது. இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்துத்தான் 2013ஆம் ஆண்டு நிசான் லீஃப் ஒன்றில் கண் விழுந்தது. 24 கிலோவாட் மணி, அதாவது 24 யூனிட் பிடிக்கும் பற்றரி, ஜப்பான் கார். 27 இலட்சம்.

கொழும்புக்குச் சற்று வெளியே ஒரு கார் சேல், பழைய கார் விற்கிற இடம். முதலாளி ஐம்பது வயதுக்காரர், வாய் நிறையத் தமிழ். "தம்பி, நான் என்ர வாயால ஒண்டும் சொல்ல மாட்டன், மெசின் சொல்லட்டும்" என்று திறப்பைக் கையில் தந்தார். டாஷ்போர்டின் வலது ஓரத்தில் சின்னச் சின்னப் பார்கள், 12க்கு 12. பற்றரியின் ஆயுளைக் காட்டுவது இதுதான். புதிதாக இருக்கும்போது 12. கொள்ளளவில் 15 வீதமளவு போனால் முதல் பார் விழும், பிறகு ஒவ்வொரு ஆறு வீதத்துக்கும் ஒன்றாக இறங்கும். நானும் சும்மா போகவில்லை. காரின் கணக்கைப் போனுக்கு அனுப்புகிற புளூடூத் துண்டை நண்பனிடம் இரவல் வாங்கி, அதைப் படித்துக் காட்டுகிற லீஃப் ஸ்பை செயலியையும் போனில் போட்டுக்கொண்டுதான் போனேன். ஸ்டியரிங்குக்குக் கீழே அதைச் செருகிப் பார்த்தால் பற்றரி ஆரோக்கியம் 96 வீதம் என்று வந்தது. எனக்குப் பெரிய பெருமை, ஏதோ நானே கெட்டித்தனமாகப் பிடித்துவிட்டது மாதிரி.

அந்த 96ஐக் கண்ட இடத்திலேயே எழும்பி வந்திருக்க வேண்டும். லீஃப் பற்றரிக்குத் தண்ணீர்க் குளிரூட்டல் கிடையாது, வெளிக்காற்றை நம்பித்தான் இருக்கிறது. வெப்பந்தான் அதன் எமன். கொழும்பு வெயிலில் வருடக்கணக்காக ஓடிய, 2013இல் செய்த பற்றரி 96 வீதத்தில் நிற்கிறது என்றால், எண்பது வயதுக் கிழவர் மரதன் ஓடி முதலாவதாக வந்தார் என்பது மாதிரித்தான். பற்றரியையே மாற்றியிருந்தால் நம்பலாம். மாற்றியதா என்று கேட்டேன். "இல்லை தம்பி, ஒரிஜினல், ஒரு டொக்டர் வைச்சிருந்தவர்" என்றார். எங்கள் ஊரில் விலைக்கு வருகிற கார் எல்லாவற்றையும் ஒரு டொக்டர்தான் வைத்திருந்திருக்கிறார்.

முதல் மூன்று கிழமை சந்தோஷந்தான். சத்தமில்லை, எண்ணெய் மாற்ற வேலையில்லை, வருட லைசென்சுக்குப் புகைச் சோதனையும் இல்லை. மெனு முழுவதும் ஜப்பான் மொழி, போனைப் பிடித்து மொழிபெயர்த்து ஒருவாறு சார்ஜ் டைமரைக் கண்டுபிடித்தேன். எங்கள் பிளாட்டில் கீழே பார்க்கிங்கில் எனக்கென்று ஒரு லைன் இழுத்துச் சப் மீற்றர் பூட்டித் தந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் கமிட்டிப் பொருளாளர் அன்ரி கொப்பியோடு இறங்கி வந்து மீற்றரைப் பார்த்து எழுதுவார். ஒருநாள் நுகேகொடையில் 30 வீதம் காட்டிய கார் வீட்டுக்கு வந்து சேரும்போது 6 வீதம். நெரிசலும் ஏ.சி.யும்தான் என்று நினைத்துச் சார்ஜில் போட்டேன். காலையில் 100. சப் மீற்றரில் ஏறியிருந்தது 15 யூனிட். அந்த ஞாயிறு அன்ரி கொப்பியைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, உங்கட கார் சாப்பாடு குறைவாத்தான் சாப்பிடுது, என்ன?" நானும் சேர்ந்து சிரித்தேன். பில் குறைவாக வருகிறதே என்று மனைவியிடமும் போய்ச் சொன்னேன்.

24 யூனிட் பிடிக்கும் பாத்திரம் ஏன் 15உடன் வழிகிறது என்று எனக்கு உறைக்கவில்லை. சார்ஜ் ஏறும்போது வழியில் வீணாகிறதையும் சேர்த்தால் மீற்றரில் அதைவிடக் கூடத்தான் காட்ட வேண்டும். உண்மை அந்தக் கொப்பியில் கிடந்தது. நான் டாஷ்போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி நடுவில் ஒரு பார் விழுந்தது. மார்ச்சில் இன்னும் இரண்டு. சித்திரை வருடப் பிறப்புக்கு நீர்கொழும்பில் மாமா வீடு. டாஷ்போர்டு 118 கிலோமீற்றர் ஓடலாம் என்று சொல்கிறது, போய் வர 90, பிறகென்ன? திரும்பி வரும்போது வத்தளை தாண்டியதும் தூரக் கணக்கு மறைந்து மூன்று கோடுகள் மட்டும் மின்னின. பேலியகொடை வர மஞ்சளாக ஒரு சின்ன ஆமை எரிந்தது. அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் கார் ஊர்கிறது. பின்னால் பஸ் ஹோர்ன், பக்கத்தில் முச்சக்கரவண்டிக்காரர் தலையை நீட்டி என்னவோ கேட்கிறார். மனைவி ஆமையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆமை புகுந்த வீடு உருப்படாது எண்டு அம்மா சொல்லுவா. நீங்கள் காசு குடுத்தெல்லே புகுத்தியிருக்கிறீங்கள்." காரைக் கரியர் லொறியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவர 12 ஆயிரம். முன் சக்கரம் நிலத்தில் உருள இந்தக் காரைக் கட்டி இழுக்கக் கூடாது, அதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த நாள் ஹைபிரிட் பற்றரி வேலை செய்கிற ஒரு மெக்கானிக் பாஸிடம் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரைப் பூட்டி அரை நிமிடம் பார்த்தார், "ரீசெட் அடிச்சிருக்கு" என்றார். லீஃபின் பற்றரியோடு ஒரு கணக்குப் பெட்டி இருக்கிறது. பற்றரி எவ்வளவு தேய்ந்தது என்பதை ஓட ஓட அதுதான் கற்று வைத்துக்கொள்ளும். உண்மையாகப் பற்றரி மாற்றினால் அந்தப் பழைய கணக்கை அழிக்க வேண்டும், அதற்கென்றே ஒரு வசதி உண்டு. இவர்கள் பற்றரியைத் தொடாமல் கணக்கை மட்டும் அழித்துவிடுகிறார்கள். உடனே 12 பாரும் வந்துவிடும். செயலியும் அந்தப் பெட்டியைக் கேட்டுத்தான் சொல்கிறது, அதனால் அங்கேயும் 96. பிறகு ஒவ்வொரு சார்ஜுக்கும் கணக்குப் பெட்டி உண்மையைத் திரும்பக் கற்கும், பார் ஒவ்வொன்றாக விழும். என்னுடையது கடைசியில் நின்றது எட்டில், 62 வீதம். பற்றரிக்குள் 96 சோடி செல். அதில் நாலைந்து சோடி மற்றவற்றைவிட வேகமாக வடிகிறது என்று திரையில் காட்டினார். ஒவ்வொரு சோடிக்கும் ஒரு கோடு. மற்றக் கோடுகள் எல்லாம் வரிசையாக நிற்க, அவை மட்டும் விழுந்த பல் மாதிரிப் பள்ளமாகத் தெரிந்தன. முழுப் பற்றரி மாற்ற அவர் சொன்ன விலையை இங்கே எழுத மனம் வரவில்லை.

இப்போது முக்கியமான இடம். பார் விழத் தொடங்கியதும் நான் கார் சேலுக்குப் போன் எடுத்தேன். முதலாளி கோபிக்கவேயில்லை, அவ்வளவு அன்பு. "வெயில் தம்பி, பற்றரி சூடாகி நிக்குது. மழை தொடங்கட்டும், எல்லாம் திரும்பி வரும்." மார்ச்சில் கேட்டால் "நோன்பு நேரம், பெடியன்கள் லீவு." ஏப்ரலில் "வருசம் முடிய வாங்கோ." ஆமை எரிந்த பிறகு நேரே போய் நின்றேன். அப்போதுதான் பற்றுச்சீட்டை எடுத்து, அடியில் பொடி எழுத்தில் இருந்த "பார்த்தபடியே விற்கப்பட்டது" என்ற வரியைக் காட்டினார். ஒரு வருடத்துக்குப் பற்றரிக்குத் தான் பொறுப்பு என்று வாயால் சொன்னதற்குச் சாட்சி என் மனைவி மட்டும்.

நுகர்வோர் விவகார அதிகாரசபையில் முறைப்பாடு கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அவர்களின் இலக்கம் 1977. கொடுக்கத்தான் போனேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். எனக்கு இரண்டு கிழமை பிந்திவிட்டது. அந்த மழைக்கதையும் வருசக்கதையும் எதற்கு என்று அங்கே படியில் நிற்கும்போதுதான் விளங்கியது. இப்போது சட்டத்தரணி கடிதம் போயிருக்கிறது, பதில் இல்லை.

சரி, வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இப்படிப் பாருங்கள். காரை முழுச் சார்ஜில் எடுத்து, வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் பாணந்துறை போய் வாருங்கள், 40 கிலோமீற்றர் வரும். வந்ததும் நிறுத்தாதீர்கள், இன்னொருமுறை போங்கள். பாதி வரை ஓட்டிப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை, ரீசெட் அடித்த கார் மேற்பாதியை நல்ல பிள்ளையாக ஓடிவிட்டு, 30 வீதத்துக்குக் கீழே போனதும் பொலபொலவென்று கொட்டும். செயலியில் செல் கோடுகளைப் பார்ப்பதும் அந்தக் கடைசிக் கட்டத்தில், காலை அழுத்தி மிதிக்கும்போதுதான். பிறகு அடிமட்டத்திலிருந்து முழுச் சார்ஜ் போட்டு எத்தனை யூனிட் ஏறியது என்று மீற்றரில் பாருங்கள். கார் எதை வேண்டுமானாலும் காட்டட்டும், மின்சார மீற்றருக்கு உங்கள் முதலாளியைத் தெரியாது. இதற்கு ஒரு நாள் கேட்டால் "வேற ஆள் அட்வான்ஸோட நிக்கிறார்" என்பார்கள். அந்த ஆளுக்கே கொடுக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். பற்றரி உத்தரவாதத்தைச் சீட்டிலேயே வீதக் கணக்கோடு எழுதி வாங்குங்கள். முதல் பார் விழுந்த அன்றே திகதி போட்டுப் படம் எடுங்கள், மழைக்குக் காத்திருக்காதீர்கள்.

வீட்டில் சார்ஜ் போடுவது பற்றியும் ஒன்று. சாதாரண 13 அம்பியர் பிளக்கில் இரவு முழுக்கப் போட்டு, ஒரு விடியற்காலை எங்கள் பார்க்கிங்கில் பிளாஸ்டிக் கருகிய மணம். பிளக் பின்னின் பக்கம் பழுப்பாக உருகிப்போயிருந்தது. பிரேக்கரிலிருந்து நேரே தடித்த வயரில் தனி லைன் எடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். வீட்டு மீற்றரிலேயே போடுகிறவர்களுக்கு மாதம் 180 யூனிட்டைத் தாண்டினால் ஆகக் கூடிய கட்டணம் விழும். நேரப்படி கட்டணம் என்று இன்னொரு முறை இருக்கிறது, அதற்கு மாறினால் இரவு 10.30இலிருந்து காலை 5.30 வரை மலிவு. பின்னேரம் 6.30இலிருந்து 10.30 வரைதான் கொள்ளை விலை.

காரை வெறுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மாலபேக்குப் போய் வர எட்டு பார் போதும், தினமும் அதில்தான் போகிறேன். ஆனால் இரண்டாவது பிள்ளை வரப்போகிறது, நீர்கொழும்புக்குப் பஸ்ஸில் போக முடியாது, விற்கத்தான் வேண்டும். தரகர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "15 ஆயிரம் தாங்கோ அண்ணை, 12 பாரும் கொண்டுவந்து தாறன், அஞ்சு இலட்சம் கூட எடுக்கலாம்" என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டு, எட்டு பார், 62 வீதம் என்று உள்ளதை எழுதியே விளம்பரம் போட்டேன்.

நேற்று ஒருவர் கூப்பிட்டார். "எட்டுப் பாரா அண்ணை? இதே விலைக்குத் தெஹிவளையில 12 பாரோட ஒண்டு நிக்குது, ஒரு டொக்டர் வைச்சிருந்ததாம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.