வரிசையா, மதிப்பெண்ணா, குலுக்கலா?

அரசிடம் நூறு பேருக்குத்தான் இருக்கிறது, தகுதியுள்ள ஆயிரம் பேர் கேட்கிறார்கள். மருத்துவப் படிப்பு இடம், குறைந்த வாடகை வீடு, ஆராய்ச்சி நிதி என எதுவானாலும் யாருக்குக் கொடுப்பது என்ற சிக்கல் ஒன்றுதான். அதிகப் பணம் தருபவருக்கே கொடுக்கும் ஏல வழியை இங்கே நான் சேர்க்கவே இல்லை. பொதுச் சொத்தைப் பங்கிட அது வழியே அல்ல. மீதி இருப்பவை மூன்று: வரிசை, மதிப்பெண், குலுக்கல்.

முதலில் வந்தவருக்கே முதலில் என்பது வரிசை. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் முன்னால் நிற்பவர்கள் யார்? விஷயம் முன்கூட்டியே காதுக்கு வந்தவர்கள், லீவு போட முடிந்தவர்கள், வேகமான இணையம் உள்ளவர்கள். 2008-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டில் சுமார் 10,000 இடங்களைத் திறந்தபோது ஏறத்தாழ 90,000 பேர் பெயர் கொடுத்தார்கள். பதிய சில வாரங்கள் அவகாசம் தந்து, அப்புறம் குலுக்கினார்கள். முதல் நாள் பதிந்தவருக்கும் கடைசி நாள் பதிந்தவருக்கும் ஒரே வாய்ப்பு. வரிசையால் இதைத் தரவே முடியாது.

குலுக்கலுக்கு உண்மையான போட்டி மதிப்பெண்தான். உழைத்தவருக்குப் பலன் கிடைக்க வேண்டும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். 90 வாங்கியவரையும் 50 வாங்கியவரையும் ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் கட்-ஆஃப் விழும் இடத்தைப் பாருங்கள். அரை மதிப்பெண்ணில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. அந்த அரை மதிப்பெண் யார் நல்ல மருத்துவர் ஆவார் என்று சொல்லுமா? திருத்தியவர் மாறியிருந்தால் அதுவும் மாறியிருக்கும். அங்கேயும் தற்செயல்தான் தீர்மானிக்கிறது, திறமை என்ற பெயரில்.

நெதர்லாந்து இந்த இரண்டையும் கலந்து பார்த்தது. 1970-களில் இருந்து அங்கே மருத்துவப் படிப்புக்கு எடையிட்ட குலுக்கல்: மதிப்பெண் கூடினால் வாய்ப்பும் கூடும், ஆனால் உறுதி கிடையாது. 1990-களில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற ஒரு மாணவி திரும்பத் திரும்பக் குலுக்கலில் தோற்றபோது நாடே கொதித்தது. அதன்பின் பத்துக்கு எட்டும் அதற்கு மேலும் சராசரி உள்ளவர்களை நேரடியாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். 2017-ல் குலுக்கலை அடியோடு கைவிட்டு, கல்லூரிகளே தேர்வு நடத்தித் தேர்ந்தெடுக்கும் முறைக்குப் போனார்கள். பயிற்சிக்குச் செலவழிக்கவும் வழிகாட்டவும் ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கே அது சாதகம் என்ற விமர்சனம் வலுத்தது. 2023-ல் குலுக்கலுக்கு மறுபடியும் அனுமதி. இந்தத் திரும்பி வருதல்தான் எனக்கு மிகப் பெரிய சான்று.

நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013-ல் ஒரு வகை நிதியை இன்னும் எளிமையாகத் தரத் தொடங்கியது. நிபுணர்கள் திட்டம் தேறுகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள், தேறியவற்றுக்குள் குலுக்கல். இந்த முறைகளில் எனக்குப் பிடித்தது இதுதான் என்றே சொல்வேன், ஏனென்றால் அளக்க முடிந்ததை அளந்துவிட்டு, முடியாத இடத்தில் நிறுத்திக்கொள்கிறது.

சரி, குலுக்கல் எங்கே தோற்கும்? தேவை சமமாக இல்லாத இடத்தில். உயிருக்குப் போராடுபவரையும் காத்திருக்க முடிந்தவரையும் ஒன்றாகக் குலுக்குவது கொடுமை. அப்புறம், சரியாகக் குலுக்காத இடத்தில். 1969 டிசம்பரில் அமெரிக்கா வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க 366 பிறந்த தேதிகளைக் குப்பிகளில் அடைத்து எடுத்தது. மாத வாரியாகப் பெட்டியில் போட்டவற்றை நன்றாகக் கலக்கவில்லை. ஆண்டுக் கடைசியில் பிறந்தவர்களின் தேதிகள் அதிகமாக முன்னால் வந்துவிட்டன. அடுத்த ஆண்டே முறையை மாற்றினார்கள். ஆகவே எப்படிக் கலக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே அறிவித்து, எல்லோர் கண் முன்னாலும் எடுக்க வேண்டும். தோற்றவருக்கு அடுத்த சுற்றில் கூடுதலாக ஒரு சீட்டும் போடலாம்.