யானை வெடி: கடை வெடியும் திணைக்கள வெடியும்

முல்லைத்தீவில் முத்தையன்கட்டுக்குளத்துக்குக் கீழேதான் எங்கட வயல். காலபோக நெல் பால்பிடித்தால் யானைக்கு மணந்துவிடும். யானையை விரட்ட வனஜீவராசிகள் திணைக்களம் தரும் யானை வெடி இலவசம், ஆனால் அளவோடுதான் கிடைக்கும். அதனால் இந்தமுறை கடையில் மலிவு வெடியும் வாங்கி, இரண்டையும் காவல் கொட்டிலடியில் போட்டுப் பார்த்தேன்.

மலிவு வெடியில் சத்தத்துக்குக் குறைவில்லை. பிழை திரியில்தான். ஒன்று கையை விட்ட உடனேயே வெடிக்கிறது, அடுத்தது சீறிவிட்டு அணைகிறது. பனி பட்டால் பற்றுவதே இல்லை. கையில் பிடித்துக் கொளுத்தும் சாமானில் இது பொறுக்கக்கூடிய குறை அல்ல, இனி வாங்கமாட்டேன். திணைக்கள வெடியின் திரி சீராக எரிகிறது, எறிந்துவிட்டு விலக நேரம் தருகிறது. அடிவயிறு அதிரும் சத்தம். வரம்பேறி நின்ற தனி அலியன் (கொம்பில்லாத ஆண் யானை) கூடக் காட்டுக்கரை வரை பின்வாங்கியது.

பன்றிக்கென்று இரைக்குள் மறைத்து வைக்கிற வெடியைத் தயவுசெய்து யாரும் தொடாதீர்கள். சட்டவிரோதம் என்பது ஒருபக்கம். அதைக் கடிக்கும் யானைக்குட்டி வாய் சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் துடித்துச் சாகிறது.

எந்த வெடியானாலும் தினமும் ஒரே இடத்திலிருந்து போட்டால் யானை பழகிவிடும். இடத்தை மாற்றுங்கள், ரோச் வெளிச்சத்தையும் சேர்த்து அடியுங்கள். யானை காட்டுக்குத் திரும்பும் வழியை மட்டும் மறிக்காதீர்கள்.