மேசையா, ஃப்ரிட்ஜா? ரத்த அணு எண்ணிக்கை எங்கே பிழைக்கும்

ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தாகிவிட்டது. அணுக்களை எண்ணும் மெஷினில் ஓட்ட இன்னும் பல மணி நேரம் ஆகும். சாம்பிளை மேசை மேலேயே விடுவதா, 2 முதல் 8 டிகிரி ஃப்ரிட்ஜில் வைப்பதா? 'குளிரில் வைத்தால் கெடாது' என்று சொல்பவர்கள்தான் அதிகம். எந்த எண்ணைக் கேட்கிறோம் என்று பார்க்காமல் அப்படிச் சொல்லிவிட முடியாது.

ஹீமோகுளோபினைப் பற்றிக் கவலை வேண்டாம். ஒரு நாள் முழுக்க எங்கே இருந்தாலும் பெரிதாக அசையாது.

சிவப்பணுவின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. அப்படியல்ல. அறை வெப்பத்தில் சிவப்பணு குழாய்க்குள்ளும் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அது தீரத் தீர உப்பை வெளியேற்றும் பம்ப் தளரும், நீர் உள்ளே போகும், அணு வீங்கும். காலையில் 78 ஃபெம்டோலிட்டர் காட்டிய சாம்பிள் மறுநாள் 82 காட்டினால், 80-க்குக் கீழே இருந்த சிற்றணு நார்மல் ஆகிவிடும். இரும்புச்சத்துக் குறைவு கண்ணுக்குத் தப்பிவிடும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் பங்கான ஹீமட்டோகிரிட் கூடும், சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும் எம்.சி.எச்.சி. இறங்கும். குளிரில் இந்த வீக்கம் வெகுவாகக் குறைகிறது. இதில் ஃப்ரிட்ஜ்தான் ஜெயிக்கிறது, எனக்குச் சந்தேகமே இல்லை.

தட்டணு (பிளேட்லெட்) விஷயத்தில் நான் மேசையின் பக்கம். குளிர் பட்டதும் தட்டு வடிவம் போய் அது உருண்டையாகிவிடும், ஒன்றோடொன்று ஒட்டவும் செய்யும். ஒட்டிய கூட்டத்தை மெஷின் தட்டணுவாக எண்ணாது. சிலருக்கு, ரத்தம் உறையாமலிருக்க ஊதா மூடிக் குழாயில் இருக்கும் இ.டி.டி.ஏ.வாலேயே, மேசையில் இருக்கும்போதே கட்டி கட்டுவதும் உண்டு. அவர்களுக்கு சிட்ரேட் திரவம் உள்ள குழாயில் மறுபடி எடுத்து, அந்தத் திரவத்தால் ரத்தம் நீர்ப்பதை ஈடுகட்ட, வந்த எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும்.

குளிர் செய்யும் மோசமான வேலையை ஒருமுறை நேரில் பார்த்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து வந்த சாம்பிளில் ஹீமோகுளோபின் 11. சிவப்பணுவோ 19 லட்சம்தான். எம்.சி.எச்.சி. 52! உயிருள்ள அணுவில் அப்படி இருக்கவே முடியாது. குழாயைச் சாய்த்தால் சுவரில் மணல் மணலாக ஒட்டியிருந்தது. குளிரில் அணுக்களைத் திரட்டும் எதிர்ப்பொருளின் வேலை அது. 37 டிகிரியில் வைத்துச் சூடாக ஓட்டியதும் சிவப்பணு 37 லட்சம், எம்.சி.எச்.சி. 33. அந்த ரிப்போர்ட் அப்படியே போயிருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் பதறுகிறது.

ரத்தத்தை ஸ்லைடில் மெல்லிசாக இழுத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியருக்கு இரண்டு இடமுமே ஆகாது. நேரம் போகப் போக நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுவில் குமிழி தோன்றும், உட்கரு சிதையும். நோய் இல்லாத இடத்தில் நோய் தெரியும். எடுத்த சில மணி நேரத்துக்குள் ஸ்லைடில் இழுத்துவிடுங்கள். ஃப்ரீசர் பக்கம் போகவே வேண்டாம், அணுக்கள் வெடித்துவிடும்.

நான் ஆறு மணி நேரம் வரை மேசையில்தான் வைப்பேன். அதற்கு மேல் போகுமென்றால் முதலில் ஸ்மியர், பிறகு ஃப்ரிட்ஜ். வெளியே எடுத்ததும் அவசரப்படக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்து, எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திய பிறகே மெஷினில் வைக்க வேண்டும்.