செந்தூல் மோட்டார் பட்டறை: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

பழைய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. நடுவில் ஒரு குறையும் சொல்லப்போகிறேன், அந்தச் சீன அங்கிளின் பிழைப்பில் மண் விழ எனக்கு மனசில்லை. கோலாலம்பூர் செந்தூலில் கடைவீட்டு வரிசை ஒன்றின் கடைசிக் கதவு, அவ்வளவுதான்.

மோட்டார் என்னுடையது இல்லை, அண்ணனுடையது. செந்தூலிலிருந்து ஷா ஆலம் தொழிற்சாலைக்குப் பதினாறு வருடம் அதில்தான் போய்வந்தார். கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் பாதையில் எந்தப் பாலத்துக்கு அடியில் மழைக்கு ஒதுங்கினால் தண்ணீர் தெறிக்காது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. போன தைப்பூசம் முடிந்த மறுவாரம், காலை ஷிஃப்டுக்குக் காலணி மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். ஜி.எச். (அரசாங்கப் பொது மருத்துவமனை) போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. "அம்மா எப்படி இருக்காங்க? அண்ணி சாப்பிடுறாங்களா?" தப்பில்லை, நானும் பிறர் வீட்டில் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் நாற்காலி எண்ணியதும் கணக்கு எழுதியதும் நான். அலுவலகத்தில் இரண்டு நாள் லீவு கொடுத்தார்கள். 1955 வேலைவாய்ப்புச் சட்டத்தில் துக்க லீவு என்று தனியாக ஒன்றும் இல்லையாம், கம்பெனி மனசு வைத்தால்தான் உண்டாம். சொத்திலும் இதே கதை. உயில் இல்லை, பிள்ளைகள் இல்லை. 1958 பங்கீட்டுச் சட்டப்படி பாதி அண்ணிக்கு, பாதி அம்மாவுக்கு. கூடப் பிறந்தவளுக்கு அந்தக் கணக்கில் இடமே கிடையாது. எனக்குச் சொத்து வேண்டியதில்லை. ஆனால் அதை விசாரிக்கப் போன கவுண்டரில் இருந்தவர் "நீங்கள் வாரிசு இல்லையே" என்று சொன்னபோது அழுகை வந்தது. அவர் பயந்துபோய் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

ஒருநாள் அண்ணி சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, "நீயே வச்சுக்கம்மா, படி இறங்குறப்பலாம் கண்ணுல படுது" என்றார். (இதே நிலையில் இருப்பவர்களுக்கு: உயில் எழுதாமல் போனவரின் அசையும் சொத்து 600,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) உட்பட்டிருந்தால், அரசாங்க அறங்காவல் நிறுவனமான அமானா ராயாவில் மனுச் செய்யலாம். அவர்கள் தரும் கடிதத்தோடு சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே போய்ப் பெயர் மாற்ற வேண்டும். அம்மாவும் அண்ணியும் எனக்காகக் கையெழுத்துப் போட்டார்கள்.) சாவி வந்தும் மோட்டார் ஏழு மாதம் ஃபிளாட் மாடிப்படிக்குக் கீழேயே நின்றது. நான் பின்பக்கப் படியில் ஏறி இறங்கினேன்.

அதை அங்கிருந்து நகர்த்தியவர்கள் என் தோழிகள் மூன்று பேர். தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். ஒருத்தி டீச்சர், ஒருத்தி மிஸி (ஆஸ்பத்திரித் தாதி), இன்னொருத்தி எங்கள் ஃபிளாட்டிலேயே கீழ்வீடு. கீழ்வீட்டுக்காரிதான் முதல் மழைக்கே மோட்டார் மேல் தார்ப்பாய் போட்டு மூடியவள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "காலம் ஆத்தும்" என்று இவர்களில் ஒருத்தியும் சொல்லவில்லை. அதற்காகவே நன்றி. மிஸி மட்டும் ஒரு தடவை, ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் தன்னைக் கூப்பிடு, தனக்கு டூட்டி என்றால் பிஃப்ரெண்டர்ஸ் என்ற, மனக்கஷ்டம் கேட்கும் தொண்டு அமைப்புக்குப் போன் போடு, 24 மணி நேரமும் எடுப்பார்கள் என்று எண்ணை ஐஸ் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போனாள். மற்றபடி வந்தார்கள், கோப்பி ஓ குடித்தார்கள், பள்ளிக்கூடப் புறணி பேசினார்கள், போனார்கள்.

அப்புறம் ஒரு சனிக்கிழமை காலை மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். "செருப்பு போடு, மோட்டார் தள்ளணும்." இரண்டு டயரிலும் காற்று இல்லை. நான்கு பெண்கள், முப்பத்தாறு வயதில், செந்தூல் வெயிலில் ஒரு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போனால் ஊர் எப்படிப் பார்க்கும் என்று சொல்லவா வேண்டும். சாப்பாடு கொண்டுபோகும் பையன் ஒருவன் நிறுத்தி, காலால் உந்தித் தள்ளிக் கொடுக்கவா என்று கேட்டான். டயரைக் காட்டினோம். தலையைச் சொறிந்துவிட்டு, கூடவே கொஞ்ச தூரம் நடந்து தள்ளிவிட்டுப் போனான்.

சரி, கடைக்கு வருவோம்.

அங்கிளுக்கு எழுபது வயது இருக்கும். நம் பெண்கள் யார் வந்தாலும் "தங்காச்சி" என்றுதான் கூப்பிடுவார். அந்த வார்த்தை என் காதில் விழுந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மிஸி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இனி மோட்டார் சியாபா பூஞா?" என்று மலாயில் கேட்டார், இது யாருடைய மோட்டார் என்று. "அபாங் பூஞா", அண்ணனுடையது என்றேன். அபாங் எங்கே என்று கேட்கவில்லை. மோட்டாரைச் சுற்றி வந்தார், குந்தினார், சங்கிலியை விரலால் தொட்டார். பிறகு இதுவரை எந்தப் பட்டறையிலும் நான் கேட்டிராத கேள்வியைக் கேட்டார்: எதெல்லாம் மாற்றக் கூடாது?

இந்த ஒரு கேள்விக்கே மூன்று நட்சத்திரம்.

வேலை சுத்தம். இஎக்ஸ்5 1987 முதல் இங்கே ஓடுகிற வண்டி, 97 சிசி, சாமான் கிடைக்காத பேச்சே இல்லை. ஆனாலும் உறையோடு அசல் சாமானா, மலிவு சாமானா என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு விலை சொல்லி என்னைத் தேர்ந்தெடுக்கவிட்டார். ஏழு மாதம் நின்ற பெட்ரோல் கார்பரேட்டர் ஜெட்டை அடைத்திருந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்து உதைத்ததும் வண்டி பிடித்தது, கூடவே நீலப் புகை. ரிங் தேய்ந்து எஞ்சின் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். பிளாக்கைக் கடைந்து, புது பிஸ்டன், ரிங், சங்கிலி செட், முன்னும் பின்னும் பிரேக் ஷூ, இரண்டு டயர், பேட்டரி எல்லாம் சேர்த்து 640 வெள்ளி. பழைய சாமானை எல்லாம் ஒரு தகரத்தில் போட்டுக் காட்டினார். மூன்று சனிக்கிழமை பிடித்தது. அவசரக்காரர்கள் வேறு இடம் பாருங்கள், இங்கே அங்கிளும் ஒரு பையனும் மட்டும்தான்.

மூன்று சனிக்கிழமையும் அவர்கள் வந்தார்கள். டீச்சர் நாசி லெமாக் பொட்டலம் ஐந்து வாங்கி வருவாள், ஐந்தாவது அங்கிளுக்கு. மிஸி இரவு டூட்டி முடிந்து நேராக வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். இரண்டாம் வாரம், முன் கூடையில் கிடந்த அண்ணனின் மழைக்கோட்டை நான் பிரித்தேன். உள்ளே பத்துமலைத் திருநீறு மடித்த தாள். அவர் தைப்பூசத்துக்கு 272 படியும் ஏறி இறங்கி, அன்றைக்கே எனக்கென்று மடித்து வைத்து, கொடுக்க மறந்துபோனது. எனக்குத்தான் என்று எப்படித் தெரியும் என்றால், வருடா வருடம் மறப்பார், நான் கேட்டு வாங்குவேன். அங்கேயே, கிரீஸ் தரையில், உட்கார்ந்து அழுதேன். யாரும் என்னைத் தூக்கவில்லை. கீழ்வீட்டுக்காரியும் பக்கத்தில் உட்கார்ந்தாள், அவள் பாவாடையும் பாழ். அங்கிள் ரேடியோவை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இப்போது குறை. இருக்கை உறையில் ஒரு கிழிசல் இருந்தது. அண்ணன் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி, அது உரிய உரிய மேலே மேலே ஒட்டி, கடைசியில் ஒரு சப்பாத்தி கனத்துக்கு வந்திருந்தது. சின்ன வயதில் டியூஷனுக்குப் போகும்போதெல்லாம் அவர் பின்னால் உட்கார்ந்து இப்படி எதையாவது நோண்டுவதே என் வேலை. மாற்றக் கூடாத பட்டியலில் இருக்கையைச் சொல்ல நான் மறந்துவிட்டேன். மூன்றாம் வாரம் போனால் பளபளவென்று புது உறை. பையன் இலவசமாக, சந்தோஷமாகச் செய்திருந்தான், பழையதைக் குப்பையில் போட்டுவிட்டான். டீச்சர், பள்ளிக்கூடத்தில் தூசு பட்டால் கூடக் கை கழுவுகிறவள், பட்டறைக் குப்பைத் தொட்டியில் தோள்வரை கைவிட்டுத் தேடினாள். லாரி முந்தின நாளே வந்து போயிருந்தது. அங்கிள் பையனைத் திட்டினார், என்னிடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டார். பையனின் முகத்தைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் ஒரு நட்சத்திரம் குறைத்துத்தான் போடுகிறேன். கேள்வியைக் கேட்டால் மட்டும் போதாது, அதைக் கூட வேலை செய்கிறவனுக்கும் சொல்லி வைக்க வேண்டும். உங்களுக்கும் சொல்கிறேன்: வாயால் சொல்லாதீர்கள், தாளில் எழுதி மோட்டாரிலேயே ஒட்டிவிடுங்கள்.

பணம் கட்டப் போனபோது ரசீதில் 300 வெள்ளி ஏற்கெனவே கழிந்திருந்தது. யார் என்று கேட்டேன். அங்கிள் நாசி லெமாக்கில் மும்முரமாக இருந்தார். அவர்கள் மூவரும் சாலைக்கு அந்தப் பக்கம் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு மூடிய கதவைத் தவிர ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம் மிச்சம். மீட்டர் கேபிள் எப்போதோ அறுந்திருக்கிறது, எண் 61,408இல் நிற்கிறது. முதல் நாளே அங்கிள் அதைத் தட்டிக் காட்டி, மாற்றட்டுமா என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. தோழிகளும் பேசவில்லை. "நந்தி லா", அப்புறம் பார்க்கலாம் என்று அவரே சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். கேபிள் பன்னிரண்டு வெள்ளிதான், வாங்கிவிட்டேன். எப்போது வந்தாலும் கூலியில்லாமல் மாட்டித் தருகிறேன் என்றிருக்கிறார்.

பி2 லைசன்ஸ் என்னிடம் உண்டு, சாலை வரியும் இன்ஷூரன்ஸும் எடுத்தாயிற்று. இப்போது சனிக்கிழமைகளில் செந்தூல் சந்தை வரைக்கும் ஓட்டுகிறேன், பின்னால் யாராவது ஒருத்தி. மீட்டர் ஓடாததால் எஞ்சின் எண்ணெய் மாற்றுவதை மாதக் கணக்கில் வைத்திருக்கிறேன். கேபிள் கூடையில், மழைக்கோட்டுக்கு அடியில் கிடக்கிறது.