டீசலை மிச்சம் பிடிப்பது எது: கியரா, டயரா, புது இன்ஜினா?

டிராக்டருக்கு டீசல் கட்டுப்படியாகவில்லை என்று டீக்கடையில் சொன்னால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். கியரை மாற்றி ஓட்டு, டயரில் தண்ணீர் ஏற்று, காமன் ரயில் (டீசலை உயர் அழுத்தத்தில் எலெக்ட்ரானிக் முறையில் அளந்து தெளிக்கும் இன்ஜின்) வண்டி வாங்கு, டேங்கில் மருந்து ஊற்று. எங்கள் 45 குதிரைத்திறன் வண்டியை வைத்துச் சொன்னால், பைசா செலவில்லாத முதல் வழிக்குத்தான் என் ஓட்டு.

முதல் சால் ஓட்டி மண் உடைந்த பிறகு, இரண்டாம் உழவுக்கு இன்ஜினின் முழு பலமும் வேண்டியதில்லை. ஆனாலும் பழக்கதோஷத்தில் 2000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வைத்து அலறவிடுகிறோம். ஒரு கியர் கூட்டி, ரெய்ஸை 1500-க்கு இறக்கினாலும் வண்டி ஏறக்குறைய அதே வேகத்தில்தான் போகும். ஏக்கருக்கு ஆகும் நேரம் மாறாது; உராய்வில் வீணாகும் சக்தி குறையும். ரேடியேட்டர் ஃபேனை மட்டும் பாருங்கள்: அது இழுக்கும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்பக் கூடும். 2000-லிருந்து 1500-க்கு வந்தாலே பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா சோதனை நிலையம் ஒரே சுமையை முழு ரெய்ஸிலும் குறைந்த ரெய்ஸிலும் இழுக்கவைத்து இரண்டையும் தனித்தனியாகப் பதிவு செய்வது இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

இன்ஜினைத் திணறவிடக் கூடாது. உழுதுகொண்டிருக்கும்போதே கை ஆக்சிலேட்டரைச் சட்டென்று கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். வண்டி உடனே சீறினால் கியர் சரி. சத்தம் கனத்து, சைலன்ஸரில் கரும்புகை தள்ளினால் ஒரு கியர் இறக்கிவிடுங்கள்.

மண்ணைச் சுழற்றித் தூளாக்கும் ரொட்டவேட்டரில் இந்த வித்தை பலிக்காது. பி.டி.ஓ. (கருவிகளைச் சுழற்றும் பின்பக்கத் தண்டு) நிமிடத்துக்கு 540 சுற்று வர இன்ஜின் அதற்குரிய ரெய்ஸில் ஓடியே ஆக வேண்டும். எக்கானமி பி.டி.ஓ. உள்ள வண்டியில் அதே 540 குறைந்த ரெய்ஸில் கிடைக்கும். மருந்து தெளிப்பான் போன்ற லேசான வேலைக்கு அது நல்ல லாபம். இறுகிய களிமண்ணில் ரொட்டவேட்டர் போட்டால் மூச்சு வாங்கும்.

டயர் சங்கதி நிலத்தைப் பொறுத்தது. பின்டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு 10 சுற்று ஓட்டி அளந்துகொள்ளுங்கள். பிறகு உழுதபடி அதே 10 சுற்று. முதலில் 40 மீட்டர், பிறகு 34 என்றால் வழுக்கல் 15 சதவீதம். அதைத் தாண்டினால் டீசல் மண்ணைக் கிளறுவதற்கே போகிறது. டயரில் தண்ணீரோ வெயிட்டோ ஏற்றுவது பலன் தரும். தொழி உழவில் (நெல்லுக்குச் சேறடிக்கும் உழவு) கதையே வேறு, எடை கூடக்கூட வண்டி புதையும். அங்கே கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) தான் சரி. டிரெய்லர் அடிக்கிற நாளில் கழற்றக்கூடிய வெயிட்டைக் கழற்றிவிடுங்கள், வீண் சுமை.

சர்வீஸை எதனோடும் போட்டிக்கு நிறுத்த மாட்டேன், அது இல்லாமல் மற்ற எதுவும் நிற்காது. அறுவடை சமயத்தில் ஆயில் பாத் ஏர் கிளீனரை (காற்றிலுள்ள தூசியை எண்ணெயில் பிடிக்கும் வடிகட்டி) திறந்து பாருங்கள். அடியில் சேறாகத் தூசி படிந்திருக்கும். காற்று போதாத இன்ஜின் டீசலை எரிக்காமல் புகையாகத்தான் துப்பும். இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் கெட்டாலும் அதே கரும்புகைதான். டீசல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்க் மருந்து பக்கம் நான் போவதில்லை. அந்தப் பணத்துக்கு நாசிலைக் கழற்றி பிரஷர் பார்த்துவிடலாம்.

காமன் ரயில்? 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2023 ஜனவரி முதல் புகை விதி இறுகியதால் பரவலாக வந்தது. டீசலை அளந்து தெளிப்பதில் பழைய பம்பை விடக் கெட்டிதான். ஆனால் பேரலில் சேர்த்துவைத்த, தண்ணீர் கலந்த டீசலை அது தாங்காது. பழுதானால் ஊர் மெக்கானிக் கைக்கும் அடங்காது. வருடத்தில் சில வாரம் மட்டும் உழுகிறவர் டீசல் மிச்சத்தை நம்பி மட்டும் அதை வாங்க வேண்டாம். சீசன் முழுக்க வாடகைக்கு ஓட்டுகிறவருக்குக் கணக்கு மாறும்.

எதைச் செய்தாலும் டேங்கை விளிம்புவரை நிரப்பி, ஒரு ஏக்கர் உழுது, அதே இடத்தில் நிறுத்தி மறுபடி விளிம்புவரை ஊற்றி அளந்துவிடுங்கள். புது வண்டி வாங்குவதாக இருந்தால் மத்தியப் பிரதேசம் புத்னியில் உள்ள மத்திய அரசு நிலையத்தின் சோதனை அறிக்கையை டீலரிடம் கேளுங்கள். ஒரு கிலோவாட்-மணி (ஒரு யூனிட்) வேலைக்கு எத்தனை கிராம் டீசல் என்ற வரி அதில் இருக்கும். குறைவான எண் உள்ள வண்டியே சிக்கனமானது.