மர வளைவுப் பாலம்: வீட்டில் எல்லோரும் சேர்ந்து கட்ட எந்த முறை தோது?

ஆணி இல்லாமல், நடுவில் தூண் இல்லாமல் தானாக நிற்கும் மர வளைவுப் பாலம் ஒன்றைக் குடும்பமாகக் கட்டலாம் என்று முடிவெடுத்தால், பெரும்பாலானோர் முதலில் கேட்பது "எவ்வளவு எடை தாங்கும்?" என்பதுதான். நான் அந்தக் கேள்வியை இரண்டாவதாக வைப்பேன். வளைவு முடிந்தபின் நிற்கும், பாதியில் நிற்காது. கடைசித் துண்டு சேரும்வரை அதை எது தாங்குகிறது, யார் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அந்த நேரத்தில் பிள்ளைகளின் விரல் எங்கே இருக்கிறது? குடும்ப வேலைக்கு முறையைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

போட்டியில் நாலு பேர்: லியோனார்டோ டா வின்சியின் கழிப் பாலம், ஆப்பு வடிவக் கட்டைகளை அடுக்கும் வளைவு, சீனாவின் வானவில் பாலம், மெல்லிய பலகைகளை ஒட்டி வளைக்கும் பாலம்.

கழிப் பாலம்

லியோனார்டோ 1480-களின் தொடக்கத்தில் மிலான் ஆட்சியாளர் லுடோவிக்கோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தில், எளிதாகத் தூக்கிச் செல்லக்கூடிய லேசான, உறுதியான பாலங்களைக் கட்டத் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறார். மிலானில் அம்ப்ரோசியானா நூலகத்தில் இருக்கும் கோடெக்ஸ் அட்லாண்டிகஸ் என்ற அவருடைய குறிப்புத் தொகுப்பில் அப்படிப்பட்ட பாலத்தின் கோட்டுப் படங்கள் உள்ளன. ஒரு சிறு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 1502-இல் சுல்தான் இரண்டாம் பாயசித்துக்காக அவர் வரைந்த இஸ்தான்புல் பாலம் வேறு. அது கல் பாலத்துக்கான யோசனை. நார்வேயில் ஓஸ் என்ற ஊரில் 2001-இல் திறக்கப்பட்ட மரப்பாலம் அந்த இஸ்தான்புல் வரைபடத்தைத் தழுவியது. நாம் கட்டப்போவது முதலாவது.

இதன் அமைப்பு பாய் முடைவதைப் போன்றது. பாலத்தின் நீளவாக்கில் போகும் நெடுங்கழி ஒவ்வொன்றும் மூன்று குறுக்குக் கழிகளைத் தொடுகிறது. அதன் இரண்டு முனைகளும் இரண்டு குறுக்குக் கழிகளுக்கு மேலே உட்கார்ந்திருக்கும். நடுப்பகுதி மட்டும் மூன்றாவது குறுக்குக் கழிக்கு அடியில் போகும். அடுத்த நெடுங்கழிக்கும் இதே ஏற்பாடு, பாதி நீளம் தள்ளி. ஆக, ஒரு கழியின் முனை அழுத்துவது அடுத்த கழியின் நடுவை. அந்தக் கழியின் முனை திரும்பி வந்து முதல் கழியின் நடுவை அழுத்துகிறது. மேலே எடை ஏற ஏற எல்லாம் ஒன்றையொன்று இன்னும் இறுக்கிக்கொள்ளும். கீழேயிருந்து மேலே தள்ளினால் மட்டும் கழன்று வந்துவிடும்.

வளைவு எவ்வளவு வரும் என்பதைக் கழியின் தடிமனும் நீளமுமே முடிவு செய்கின்றன. இதைக் கவனிக்காமல் கட்டினால் பாலத்துக்குப் பதில் கூடாரம் கிடைக்கும். எல்லாக் கழியும் 1 மீட்டர் நீளம், 4 செ.மீ தடிமன் என்று வைத்துக்கொள்வோம். குறுக்குக் கழிகளுக்கு இடையே 45 செ.மீ தூரம். ஒவ்வொரு சந்திப்பிலும் பாலம் ஏறக்குறைய 20 டிகிரி திரும்பும். ஐந்து சந்திப்பு என்றால் மொத்தம் 100 டிகிரி. அதாவது இரண்டு முனைகளும் 50 டிகிரி சரிவில் நிற்கும். அதில் நடக்க முடியாது, ஏறத்தான் முடியும். சரிவைக் குறைக்க இரண்டு வழி: தடிமன் குறைந்த மரம், அல்லது தொடும் இடத்தில் காடி, அதாவது மரம் பதிந்து உட்காரும் சிறு பள்ளம், வெட்டுவது. 2 செ.மீ தடிமன் என்றால் திருப்பம் பாதியாகிவிடும். 4 செ.மீ மரத்திலேயே ஒவ்வொரு தொடுமிடத்திலும் 1 செ.மீ ஆழம் வெட்டினால் 20 டிகிரி 15 ஆகக் குறையும்.

காடியைக் குறுக்குக் கழியில் வெட்டுங்கள், நெடுங்கழியின் நடுவில் வேண்டாம். நெடுங்கழி அதிகமாக வளையும் இடம் அதன் நடுப்பகுதிதான். முறியாமல் வளைந்து தாங்கும் வலிமை மரத்தின் தடிமனுடைய வர்க்கத்தோடு போகிறது. 4 செ.மீ மரத்தில் 2 செ.மீ வெட்டிவிட்டால் அந்த இடத்தில் மிஞ்சுவது கால்வாசி வலிமை. காடிக்கு இன்னொரு பலனும் உண்டு, உருளைக் கழிகள் புரண்டு வெளியேறாது. காடி வெட்ட மனமில்லை என்றால் சதுர மரம் வாங்குவது நல்லது. உருளைதான் கைவசம் என்றால், வழுவழுப்பானதை ஒதுக்கிவிட்டுச் சொரசொரப்பான கழியை எடுத்து, சந்திப்புகளைக் கயிற்றால் கட்டிவிடலாம். கயிறு கட்டினால் அது 'தானாக நிற்கும் பாலம்' ஆகுமா என்று வீட்டில் யாராவது வாதம் செய்வார்கள். ஆளை ஏற்றுவதாக இருந்தால் அந்த வாதத்தில் தோற்றுப்போவதே பாதுகாப்பு.

சரி, நம் அளவுகோலுக்கு வருவோம். முடியும்வரை இதைத் தாங்குவது யார்? சாரம் தேவையில்லை, சென்ட்ரிங் தேவையில்லை. தரையில் முதல் தொகுதியைக் கோத்து, ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து, அடியில் அடுத்த குறுக்குக் கழியைச் செருகி, மேலே அடுத்த ஜோடி நெடுங்கழிகளைக் கோக்க வேண்டும். பாலம் ஒரு பக்கமாக வளர்ந்துகொண்டே எழும்பும். ஒருவர் தூக்க, ஒருவர் செருக, மூன்றாமவர் பக்கத்தில் நின்று சாயாமல் பார்க்க, சின்னப் பிள்ளை அடுத்த கழியை எடுத்து நீட்ட, வீட்டில் எல்லோருக்கும் உண்மையான வேலை இருக்கிறது. ஆபத்தும் இங்கேதான். தூக்கியவர் கை தளர்ந்தால் இரண்டு மரங்களுக்கு நடுவே இருக்கும் விரல் நசுங்கும். ஆகவே செருகும் வேலை பெரியவர்களுடையது. பிள்ளைகள் தூக்கட்டும், எண்ணட்டும், "விடாதே!" என்று கத்தட்டும்.

அளவை ஏற்றும்போது கணக்கு ஏமாற்றும். 1 மீட்டர் நீளமும் 4 செ.மீ சதுரமும் உள்ள நடுத்தர மரம் ஏறக்குறைய 1 கிலோ. எல்லா அளவையும் இரட்டிப்பாக்கினால் ஒரு துண்டு 8 கிலோவை நெருங்கும். இருபது துண்டுப் பாலம் 20 கிலோவிலிருந்து 150 கிலோவைத் தாண்டும். முதலாவதை ஒரு வீட்டார் கட்டலாம். இரண்டாவதைத் தூக்கிப் பிடிக்கப் பக்கத்து வீட்டாரும் வர வேண்டும்.

கட்டை வளைவு

இதில் துண்டுகள் கோக்கப்படுவதில்லை, ஒன்றின் மேல் ஒன்று சாய்கின்றன. கல் வளைவின் அதே தத்துவம். ஒரு சங்கிலியின் இரு முனைகளையும் பிடித்துத் தொங்கவிட்டால் அது ஒரு வளைவாகத் தொங்கும். அதை அப்படியே தலைகீழாக்கினால் அழுத்தம் மட்டும் பாயும் வளைவு கிடைக்கும். 1675-இல் ராபர்ட் ஹூக் இந்த விதியை எழுத்துகளைக் கலைத்துப் புதிராக வெளியிட்டார். வீட்டில் செய்வது எளிது: சுவரில் ஒட்டிய அட்டையின் முன் சங்கிலியைத் தொங்கவிட்டுக் கோடு வரைந்து, அட்டையைத் திருப்பிப் போட்டு, அந்தக் கோட்டின் இருபுறமும் கனம் கொடுத்து, கோட்டுக்குச் செங்குத்தாக வெட்டித் துண்டுகளாகப் பிரித்தால் கட்டைகளின் வடிவம் வந்துவிடும்.

பாடம் என்ற வகையில் நாலில் இதுதான் முதலிடம். வளைவு ஏன் நிற்கிறது என்பதைக் கண்ணால் காட்டுவது இது ஒன்றே. கழிப் பாலத்தில் அந்த ரகசியம் பின்னலுக்குள் மறைந்துவிடுகிறது. ஆனால் வெட்டு மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். ரம்பத்தைப் பெரியவர் ஒருவரே பிடித்துக்கொண்டிருக்க, மற்றவர்கள் உப்புத்தாளால் தேய்த்தபடி காத்திருக்க வேண்டும்.

முடியும்வரை தாங்குவதற்கு அடியில் ஒரு அச்சுச் சட்டம் வேண்டும். சின்ன அளவுக்கு அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. தட்டையான பலகையைத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் கட்டைகளை வளைவாக அடுக்கி, பலகையோடு சேர்த்து மெல்ல நிமிர்த்திவிட்டுப் பலகையை எடுத்துவிடலாம். விரல் நசுங்கும் பயமில்லை. கவிழ்ந்தால் மறுபடி அடுக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல விளையாட்டு கிடைக்காது.

ஆனால் இதன்மேல் யாரும் ஏறக்கூடாது. கல் வளைவு நிற்பதற்கு அதன் சொந்த எடையே பெரிய துணை. மேலே நடக்கும் ஆள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மரத்தின் அடர்த்தி கருங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு. வீட்டளவு மரக் கட்டை வளைவை விட ஏறுகிற ஆளின் எடை அதிகம். அவர் நடுவிலிருந்து ஒரு பக்கம் நகர்ந்தாலே எதிர்ப் பக்கக் கட்டைகள் வாயைத் திறந்துவிடும்.

வானவில் பாலம்

சாங் ட்ஸதுவான் வரைந்த 12-ஆம் நூற்றாண்டுச் சீன நீள்சுருள் ஓவியத்தில், படகுகள் அடியில் போகும் மர வளைவுப் பாலம் ஒன்று இருக்கிறது. அதன் உறவுகள் ஃபூஜியன், ஜெஜியாங் மலைப் பகுதிகளில் கூரையோடு இன்றும் நிற்கின்றன. இந்தக் கட்டுமான மரபை 2009-இல் யுனெஸ்கோ உடனடிப் பாதுகாப்பு தேவைப்படும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இரண்டு தனித்தனிச் சட்டக வளைவுகள், ஒன்று மூன்று துண்டு, மற்றது ஐந்து துண்டு, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து நிற்கும்.

அழகில் இதை அடிக்க ஆளில்லை. வீட்டுக்கு? பெரிய அளவில் வேண்டாம். துளையும் நாக்குமாக மரத்தை இணைக்கத் தெரிய வேண்டும், முதல் சட்டகத்தை நிறுத்தச் சாரம் வேண்டும். மேசையளவு மாதிரிக்கு மட்டும் சரி. தச்சு தெரிந்த தாத்தா ஒருவர் வீட்டில் இருந்தால் நான் சொன்னதை மறந்துவிடலாம்.

ஒட்டு வளைவு

மெல்லிய பலகைகளுக்கு நடுவே பசை தடவி, வளைந்த அச்சின்மேல் வைத்துக் கிளாம்பால் இறுக்கிக் காயவிடுவது. 1906-இல் ஜெர்மனியின் ஓட்டோ ஹெட்ஸர் வளைந்த ஒட்டு மரத்துக்குக் காப்புரிமை பெற்றதிலிருந்து பெரிய மண்டபங்களுக்கும் பாலங்களுக்கும் இதுவே வழி. 3 மீட்டர் இடைவெளி, அரை மீட்டர் உயரம் என்றால் வளைவின் ஆரம் 2.5 மீட்டர் வரும். அதற்கு 2 செ.மீ பலகை முரண்டுபிடிக்கும், 1 செ.மீ பலகை அடங்கிப் போகும். அடுக்குகள் கூடக் கூட, கிளாம்பைக் கழற்றியதும் வளைவு விரிந்துகொள்வது குறையும்.

தினமும் நடக்கத் தோட்டத்தில் ஒரு பாலம் வேண்டும் என்றால் இதுதான், மற்ற மூன்றும் வேண்டாம். கைப்பிடி வைக்கலாம், பல ஆண்டு நிற்கும். ஆனால் குடும்ப வேலை என்று பார்த்தால் நாலில் இதுவே கடைசி. முடியும்வரை தாங்குவது கிளாம்புகள், மனிதர்கள் காத்திருக்கிறார்கள். பசை தடவிய பத்து நிமிடத்தில் பரபரப்பு, அப்புறம் நாள் முழுக்க ஒன்றுமில்லை. பிள்ளைகள் வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார்கள், அதில் தப்பும் இல்லை.

எதை எடுப்பது?

வீட்டில் எட்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் கழிப் பாலம், அதிலும் 1 மீட்டர் கழி அளவு. அதற்கு முன் ஐஸ் குச்சியில் ஒருமுறை கோத்துப் பார்ப்பது அவசியம். மேலே எது, கீழே எது என்பது கைக்குப் பழகாமல் பெரிய கழியைத் தூக்கினால் பாதியில் சண்டைதான் வரும். அதைவிடச் சிறு பிள்ளைகள் என்றால் கட்டை வளைவு. இரண்டையும் கட்ட நேரமிருந்தால் கட்டை வளைவை முதலில் கட்டுங்கள். ஒரு வளைவு தன் கால்களை வெளியே தள்ளும் என்பதை அதில் பார்த்துவிட்டால் கழிப் பாலத்தின் கால்களைக் கவனிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த உதைப்பு சாதாரணமானதல்ல. உயரம் இடைவெளியில் கால் பங்காக இருந்து, எடை சீராகப் பரவியிருந்தால், ஒவ்வொரு காலும் மொத்த எடையில் பாதியளவு பக்கவாட்டில் உதைக்கும். அது கீழே அழுத்தும் அளவும் அதே பாதிதான். அவ்வளவு உதைப்பை வழுவழுப்பான தரை பிடித்துவைக்காது. தரையில் முளை அடிக்கலாம், சுவரோரம் கட்டை வைத்து அடைக்கலாம். முடியாவிட்டால் இரண்டு கால்களையும் ஒரு கயிற்றால் இணைத்துவிட்டால் போதும். மண் தரையில் காலடியைச் சற்றே குழித்து வைத்தாலும் சரி.

ஆள் ஏற்றுவதற்கு முன் எடையை ஏற்றிப் பாருங்கள். மணல் மூட்டையோ தண்ணீர்க் குடமோ, நடுவில் மட்டும் வைக்காமல் கால்வாசி தூரத்திலும் வைத்துப் பார்க்க வேண்டும். வளைவு ஒருபக்கச் சுமைக்குத்தான் பயப்படும். கழிப் பாலத்தில் எடை வைத்த பக்கம் இறுகி, எதிர்ப் பக்கச் சந்திப்புகள் தளர்வது தெரியும். தளர்ந்த இடங்கள்தான் கயிறு கட்ட வேண்டிய இடங்கள். பாலத்தின் உயரம் விழுந்தால் அடிபடாத அளவுக்குள் இருக்கட்டும், அடியில் யாரும் உட்காரக் கூடாது, ஒரு நேரத்தில் ஒருவர்தான்.

பிரிக்கும்போது கட்டியதற்கு நேர் எதிர் வரிசையில், ஒரு முனையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நடுக் குறுக்குக் கழியை முதலில் உருவினால் என்ன ஆகும் என்று பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆசை வரும். அதை ஐஸ் குச்சிப் பாலத்தில் பார்க்கட்டும்.